கூட வேலை செய்யிற உளவளத்துணையாளர் (கவுன்சலிங் பண்றவர்) எல்லை மீறினா எங்க சொல்றது?

கொழுந்துமலை:
இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கம் ஆஸ்பத்திரி மனநல கிளினிக். உளவளத்துணையாளர் ஒருத்தர் அங்க வர்ற ஒரு பெண்ணுக்கு ராத்திரியில வாட்ஸ்அப் அனுப்புறாரு. மெசேஜை அவங்களே காட்டினாங்க. கவுன்சலிங்ல அவங்க சொன்ன குடும்ப விஷயம் தோட்டத் தலைவர் (தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்) காதுக்கும் போயிருச்சாம். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்"ங்கறாங்க. முதல்ல அவர்கிட்டயே பேசிப் பார்க்கலாமா?

பனிமூட்டம்:
வேணாம். லேட்டா வர்றது, பதிவு எழுதாம விடுறது மாதிரி விஷயத்துக்குத்தான் நேராப் பேசறது. இதுல நீங்க பேசின அன்னைக்கே மெசேஜ் அழியும், அந்தப் பிள்ளைக்குப் போன் போகும்.

இன்னைக்கே தேதி, நேரத்தோட எழுதி வைங்க. மெசேஜ் நீங்க கண்ணால பார்த்தது. தலைவர் விஷயம் காதால கேட்டது, யார் சொன்னாங்கன்னும் எழுதுங்க. ரெண்டையும் கலந்தீங்கன்னா, கேட்டது பொய்யாப் போறப்போ பார்த்ததும் சேர்ந்து அடிபடும். அவங்க பேருக்குப் பதிலா அவங்க கிளினிக் நம்பர் போடுங்க. அவங்க கிளினிக் கொப்பியை (சிகிச்சைப் பதிவு நோட்டை) போட்டோ எடுத்துடாதீங்க, அப்புறம் ரகசியத்தை மீறினது நீங்கன்னு ஆயிடும். மெசேஜ் அவங்க போன்லயே இருக்கட்டும். துருவித் துருவிக் கேட்கவும் வேணாம். நீங்க சொல்லிக் கொடுத்ததுன்னு திருப்பிடுவாங்க.

லயத்துக்காரன்:
வயசு என்ன? 18 ஆகலைன்னா சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது, 1929க்கு (சிறுவர் பாதுகாப்பு உதவி எண்) எடுங்க. பெரியவங்கன்னா பொலிசுக்குப் போறது அவங்க முடிவு. ஆனா "யாருக்கும் சொல்லமாட்டேன்"னு வாக்கு மட்டும் கொடுத்துடாதீங்க. பேர் இல்லாம மேலிடத்துக்குச் சொல்லப் போறேன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

கடிதம் ஒரு பக்கம் போதும். வைத்திய அத்தியட்சகருக்கு (ஆஸ்பத்திரிப் பொறுப்பு டாக்டர்) ஒண்ணு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குப் பிரதி, ரெண்டும் பதிவுத் தபால்ல. தமிழ்லயே எழுதலாம், அரசியலமைப்பு 4ஆம் அத்தியாயம் தர்ற உரிமை அது. சிங்கள மொழிபெயர்ப்பு வச்சா தமிழ் மூலத்தையும் சேர்த்துக் குத்துங்க. "தொந்தரவு பண்றாரு"ங்கறது சிங்களத்துல வெறும் "கரதர"ன்னு (சின்னத் தொல்லைங்கற மாதிரி) போய் லேசாயிடும். (வைத்தியர் மேல முறைப்பாடுன்னா வேற வழி: மருத்துவ சபைக்கு, சத்தியக் கடதாசியோட, அதாவது அஃபிடவிட்டோட.)

மலைத்தேன்:
மேல சொன்னது சரி, ஆனா தோட்டத்துல விஷயம் கெடுறது விசாரணை அன்னைக்குத்தான். ஜீப் வந்து நின்னு, பெரட்டுக்களத்துல (காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்) அவங்க பேர் சொல்லிக் கேட்டா முடிஞ்சது. லயம்னா வரிசை வீடு, ஒரு சுவர் தாண்டினா அடுத்த காம்பரா (அறை), பொழுது சாயறதுக்குள்ள லயம் முழுக்கப் பரவிடும். அவங்க எப்படியும் வர்ற கிளினிக் நாள்ல, ஆஸ்பத்திரியில வச்சே விசாரிக்கணும்னு கடிதத்துலயே எழுதுங்க. மொழிபெயர்க்க அந்த உளவளத்துணையாளரோட கூட்டாளியை உட்கார வைக்கக் கூடாதுன்னும் சேருங்க. "தலைவர் வீட்டுல பேசித் தீர்த்துக்குவோம்"னு ஆள் வரும், போகாதீங்க.

இன்னொண்ணு, யாரும் யோசிக்க மாட்டாங்க. அவருக்குப் பயந்து அவங்க கிளினிக்கையே விட்டா மாத ஊசி தவறும், நோய் திரும்பும். அப்புறம் "பைத்தியம் உளறுது"ன்னு முறைப்பாட்டையே தள்ளிடுவாங்க. கடிதம் போகும் முன்னாடியே அவங்களை வேற ஆள் பார்க்க ஏற்பாடு பண்ணுங்க.

கொழுந்துமலை:
வயசு 24. அவர் என்ஜிஓ ஆள், ஆஸ்பத்திரி சம்பளம் இல்ல. அப்பவும் அத்தியட்சகருக்கா?

லயத்துக்காரன்:
ரெண்டு பேருக்கும். வேலையை விட்டு நிறுத்துறது என்ஜிஓ கையில. கிளினிக் அறைக்குள்ள விடாம இருக்கிறது அத்தியட்சகர் கையில, அது ஒரே நாள்ல நடக்கும்.