பாதி வாளிதான்

நான்: அப்பா இன்று தண்ணீர் வாளியைத் தூக்கியிருக்கிறார். இடுப்புப் பக்கம் முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து இது 16ஆம் நாள்.

அத்தை: ஐயோ

அப்பா: பாதி வாளிதான்.

அம்மா: முக்கால்.

மாமா: மாப்பிள்ளை, இதில் வம்பே வலி போய்விடுவதுதான். இதே ஆபரேஷன் முடிந்து, காலுக்கு இறங்கிய வலி எனக்கு மறுநாளே இல்லை. எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துவிட்டேன். வெளியே தையல் ஆறுவது வேறு, உள்ளே ஆறுவது வேறு. நரம்பை அழுத்திய துண்டைத்தான் எடுத்திருக்கிறார்கள். மீதி டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை, அங்கேயேதான் இருக்கிறது, அதன் சுவர் மூட வாரக்கணக்காகும். அதற்குள் குனிந்து தூக்கினால் மறுபடி பிதுங்கலாம். எனக்கு 6 வாரத்துக்குச் சொன்னது: குனியாதே, தூக்காதே, இடுப்பைத் திருகாதே. 2 கிலோவுக்கு மேல் தொட விடவில்லை. (தொடரும்)

அத்தை: தொடருமா 😄

சித்தப்பா: அப்போ படுத்தே இருக்க வேண்டியதுதானே?

மாமா: அதுவும் தப்பு. நடைதான் மருந்து. பத்து பத்து நிமிடமாக, நாளைக்கு நான்கு தடவை. ஒரேயடியாக உட்காரக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை எழ வேண்டும். படுக்கையில் இருந்து எழும்போது ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி. மரக்கட்டை உருளுகிற மாதிரி.

அம்மா: மரக்கட்டை சொன்ன பேச்சைக் கேட்கும்.

அத்தை: இடுப்பு போனதே அந்த பீரோவால்தான். அன்றைக்கு இன்னொருவர் ஒரு கை கொடுத்திருந்தால்

சித்தப்பா: அக்கா, இருபது வருடமாக அதே பீரோ.

அத்தை: பீரோ நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பா: பீரோ சாவி யாரிடம்?

சித்தப்பா: ஒன்று என்னிடம்.

அம்மா: அது எப்படி உங்களிடம்?

நான்: சாவியை அப்புறம் பேசலாம். அப்பா, கால் பெருவிரல் மரத்திருக்கிறது என்றீர்களே?

அப்பா: அப்படியேதான்.

மாமா: மரமரப்பு கடைசியில்தான் போகும். எனக்கு 4 மாதம். ஆனால் தொடை இடுக்கில் உணர்ச்சி போனால், சிறுநீர் அடைத்தால், இல்லை தெரியாமலே கசிந்தால், பாதத்தைத் தூக்க முடியாவிட்டால், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அப்போதே அவசரப் பிரிவு. காய்ச்சல், தையலில் கசிவு என்றால் அன்றைக்கே டாக்டருக்கு ஃபோன்.

அப்பா: அதெல்லாம் இல்லை மச்சான். வேலைக்கு எப்போது?

மாமா: உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்னுடையது, 4ஆவது வாரம் அரை நாளாக ஆரம்பித்தேன். மூட்டை தூக்குகிறவருக்கு 3 மாதம்கூட ஆகும். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

அப்பா: கார்?

அம்மா: இல்லை.

மாமா: தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை இருக்கும்வரை தொடக் கூடாது. சட்டென்று பிரேக்கை அழுத்த முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அத்தை: செவ்வாய்க்கிழமை ரிவ்யூவுக்கு யார் கூட்டிப் போவது?

சித்தப்பா: நான் பார்க்கிறேன்.

அத்தை: பீரோ அன்றைக்கும் இதையேதான் சொன்னாய்.

அம்மா: வாளியை ஒளித்து வைத்துவிட்டேன்.

அப்பா: எங்கே?

சித்தப்பா: செவ்வாய் எத்தனை மணிக்கு?