எல்.கே.ஜி. பிள்ளைக்கு எதுக்கு ரேங்க்?

தக்கலை டீச்சர்: நேத்து ஒருத்தர் இங்க, "நாலு வயசுல 'அ' எழுதாத பிள்ளை மக்குப் பிள்ளை, ரேங்க் போட்டாத்தான் தேறும்"னு எழுதியிருந்தார். படிச்சதும் ஆத்திரமா வந்துச்சு. 2022-ல மூணுல இருந்து எட்டு வயசுப் பிள்ளைகளுக்குன்னு வந்த தேசிய அடித்தள நிலைக் கலைத்திட்டத்தைப் படிச்சுப் பாருங்க. இந்த வயசுக்குப் பரீட்சை பொருந்தவே பொருந்தாதுன்னு இருக்கு. பிள்ளையைக் கவனிச்சு எழுதி வைக்கணும்.

குழித்துறைக்காரன்: எழுதினது நான்தான் டீச்சரே. இப்பவும் சொல்லுதேன், 'அ' எழுதணும். என் மக 'அ' எழுதித்தான் முதல் ரேங்க் வாங்கினா. 2011 கணக்கெடுப்புல எழுத்தறிவுல தமிழ்நாட்டுக்கே நம்ம கன்னியாகுமரி மாவட்டம்தான் முதல். சும்மா வந்துதா?

தக்கலை டீச்சர்: அது ஏழு வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க கணக்கு. எல்.கே.ஜி.க்கு அதுல என்ன சோலி?

குளச்சல் வாப்பா: மதிப்பீடுன்னா முதல்ல என்ன? மார்க்கா, குறிப்பா?

குழித்துறைக்காரன்: அது கிடக்கட்டும். 'அ' எழுதுமா, எழுதாதா?

தக்கலை டீச்சர்: மூணு வயசுல வட்டம் வரையும். நாலுல கூட்டல் குறி. முக்கோணத்துக்கே அஞ்சு ஆகும். 'அ'வுல சுழி, வளைவு, நெடுக்குக்கோடு எல்லாம் இருக்கு. எங்க அங்கன்வாடியில ஒரு பய பென்சிலை முஷ்டியிலதான் பிடிப்பான். அவனே சிப்பியைப் பெருசு, சிறுசுன்னு பிரிச்சு அடுக்கினான். பக்கத்துப் பிள்ளைக்குக் குறைஞ்சதும் கேக்காமலே ரெண்டு எடுத்துக் குடுத்தான். தேதி போட்டு நோட்டுல எழுதினேன். எந்த ரேங்க்ல வரும் இது?

நாகர்கோவில் அண்ணாச்சி: அங்கன்வாடியில சத்துமாவும் முட்டையும்தானே? படிப்பு எங்க இருக்கு?

தக்கலை டீச்சர்: மாசாமாசம் எடை பாத்து வளர்ச்சி அட்டையில குறிக்கோம். எடை இறங்கின பிள்ளை எதைக் கவனிக்கும்? அதுவும் மதிப்பீடுதான் அண்ணாச்சி. 1975-ல இருந்து நடக்குத திட்டம், தெரியாம இளக்காரம் பேசாதீங்க.

குழித்துறைக்காரன்: அண்ணாச்சி கிழக்கே உள்ளவர், அப்படித்தான் பேசுவார். முன்னால இங்க ஓணம் லீவைப் பத்திப் பேசினப்பவும் இதே ஏச்சுதான்.

நாகர்கோவில் அண்ணாச்சி: வே, ஓணத்தை எதுக்கு இழுக்கீரு? அன்னைக்குக் குழுவுல இருந்து என்னைத் தூக்கினது யாரு?

குளச்சல் வாப்பா: நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல.

தக்கலை டீச்சர்: குழித்துறைக்காரரே, உங்க மக கார்டுல ரேங்க் தவிர என்ன எழுதியிருக்கு? யார்கூட விளையாடுதா, என்ன கேள்வி கேக்குதா? ஒரு வரி இருந்தா இங்க போடுங்க.

குழித்துறைக்காரன்: போட மாட்டேன். முதல்ல 'அ'வுக்குப் பதில் சொல்லுங்க.