புதுப்பிப்பு: வாட்டர் கூலிங் கணினியில் 90 டிகிரி வெப்பம் – அடைப்பு பிளாக்கில் இருந்தது

பெங்களூரில் உள்ள என் வீட்டுக் கணினியில் பிராசஸரைக் குளிர்விப்பது பம்ப் சுற்றவைக்கும் நீர்தான் (வாட்டர் கூலிங்). அந்தப் பம்ப் ஒழுங்காக ஓடியும் பிராசஸரின் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுவது ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பிராசஸரின் மேல் பூசும், வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிராசஸர் மேலிருக்கும், நீர் பாய்ந்து வெப்பத்தை வாங்கிச் செல்லும் வாட்டர் பிளாக்கைக் கழற்றித் திறந்து பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்த யோசனையே பலித்தது. செம்புத் தகட்டின் மெல்லிய இடுக்குகளில் வெண்மையான பிசுக்கு அப்பி, நீரோட்டத்தை மறித்துக்கொண்டிருந்தது. வளையும் பிவிசி குழாய்களிலிருந்து நாளடைவில் நீரில் கசியும் பிளாஸ்டிசைசர்தான் (பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் பொருள்) அது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியபின், பிவிசிக்குப் பதிலாக, இங்குள்ள கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் தேடியும் அகப்படாத ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் குழாய்களை இணையத்தில் வரவழைத்துப் பொருத்தினேன்.

எதிர்பாராதது ஒன்று: பிளாக்கில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நசுங்கித் தட்டையாகியிருந்தது. அதையே போட்டு மூடினால் கசிவு நேராக கிராபிக்ஸ் கார்டின் மேல் இறங்கும் என்பதால், புதியதை மாட்டி, மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் இரவு முழுவதும் ஓடவிட்டேன். இணைப்புகளைச் சுற்றி வைத்த டிஷ்யூ காகிதம் காலையிலும் உலர்ந்தே இருந்தது.

போர்வெல் நீரை ஊற்றவே கூடாது, ஆர்.ஓ. நீரிலும் உப்பு ஓரளவு எஞ்சும். டிஸ்டில்டு வாட்டருடன் அரிமானத்தையும் பாசியையும் தடுக்கும் திரவம் கலந்து நிரப்பியிருக்கிறேன். இப்போது முழுப் பளுவிலும் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டுவதில்லை.