'ஐ ஆம் ப்ரீஆக்குப்பைட் ஆன் ஃப்ரைடே' என்று எழுதியது தப்பா?

ஊர்க்குருவி:
சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மான்செஸ்டரில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பேசலாமா என்று போன வாரம் கேட்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வேறு மீட்டிங். 'ஸாரி, ஐ ஆம் ப்ரீஆக்குப்பைட் ஆன் ஃப்ரைடே' என்று பதில் போட்டேன். அவரோ, "எல்லாம் நலம்தானே? மனசுக்குக் கஷ்டமாக ஏதாவது நடந்ததா? அவசரமே இல்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அக்கறையாக எழுதினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் பத்து வருஷமாக எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். தப்பு என்னுடையதா, அவர் புரிந்துகொண்டதிலா?

வைகைக்கரை:
உங்களுடையதுதான். முப்பது வருஷம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஓர் ஆளைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல் அவருடைய மனசைப் பற்றியது, காலண்டரைப் பற்றியது இல்லை.

சகுந்தலையை நினைத்துப் பாருங்கள். வாசலில் துர்வாசர் வந்து நின்று குரல் கொடுக்கிறார், அவள் காதில் விழவில்லை. அவளுக்குக் கைவேலை ஏதும் கிடையாது, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் உள்ளே முழுக்க துஷ்யந்தன். அதுதான் ப்ரீஆக்குப்பைட். அவளைப் போய் 'பிஸி' என்று யாராவது சொல்வோமா? உங்கள் வெள்ளிக்கிழமைக்கு 'ஐ ஹாவ் அனதர் மீட்டிங்' போதும்.

தேரடி:
ஐயா, இவ்வளவு உறுதியாகத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. சொல்லின் வேரைப் பாருங்கள். லத்தீனில் 'ப்ரே' என்றால் முன்னால், 'ஆக்குப்பாரே' என்றால் கைப்பற்றுவது. முன்கூட்டியே பிடிக்கப்பட்டது என்பதுதான் அடிப்படைப் பொருள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் 'ஏற்கெனவே நிரம்பியது' என்ற பொருளைத் தருகிறது.

விலங்கியலில் இந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வாத்து அலகு விலங்குக்கு 1799-இல் ஜார்ஜ் ஷா 'பிளாட்டிபஸ்' என்ற பேரினப் பெயரை வைத்தார். ஆனால் அந்தப் பெயரை மரம் துளைக்கும் ஒரு வண்டுக்கு அதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். ஒரே பெயர் இரண்டு விலங்குப் பேரினங்களுக்கு இருக்கக் கூடாது என்பதால் இதற்கு 'ஆர்னித்தோரிங்கஸ்' வந்தது. இப்படி முந்திக்கொள்ளப்பட்ட பெயரை அவர்கள் 'ப்ரீஆக்குப்பைட்' என்றே எழுதுகிறார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணியை வேறு ஒருவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதானே?

வைகைக்கரை:
தேரடி, வண்டு உதாரணம் அருமை. ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. அங்கே நிரம்பியிருப்பது பெயர், ஆள் இல்லை. 'தட் ஸ்லாட் இஸ் ப்ரீஆக்குப்பைட்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் விநோதமாக இருந்திருக்கும், ஆனால் புரிந்திருக்கும். 'ஐ ஆம்' என்று தொடங்கிய உடனே நிரம்பியது நேரம் இல்லை, நீங்கள் என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் அந்த மனிதர் பதறியிருக்கிறார்.

தேரடி:
'ப்ரீபோன்' என்ற சொல்லையும் ஒரு காலத்தில் இப்படித்தான் திருத்தினார்கள். கூட்டத்தை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு நம்மிடையே வழக்கில் ஊன்றிய சொல் அது. இன்று ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு 'ஐ ஆம் ப்ரீஆக்குப்பைட்' என்று மெயில் போனால் ஒருவர்கூடக் குழம்ப மாட்டார். அப்படியானால் அது இந்திய ஆங்கிலம். நம் ஆள் எழுதினால் மட்டும் தப்பு என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வைகைக்கரை:
ப்ரீபோனுக்கு ஒரு தேவை இருந்தது. 'போஸ்ட்போன்' இருக்கிறது, எதிர்ச்சொல் இல்லை, அதனால் நிலைத்தது. இங்கே 'பிஸி', 'எங்கேஜ்ட்', 'டைட் அப்' எல்லாம் கையில் இருக்கும்போது, நுட்பமான ஒரு சொல்லை எடுத்து மழுங்கடிக்கிறோம். வருத்தம் எனக்கும் அதில்தான்.

கொக்குவில்:
இடையில் வாறதுக்கு மன்னிக்கவும். லண்டனில் மனநல வார்டில் தாதியாக வேலை செய்கிறேன். எங்களுக்கு இந்தச் சொல் பேச்சு அழகுக்கு இல்லை, குறிப்பேட்டில் எழுதுகிற சொல்.

ஒருவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருக்கிறார். கரண்டி கையில், சோறு ஆறிப் போய்க் கிடக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் நிமிர்ந்து பார்க்கிறார். அப்போது 'அப்பியர்ட் ப்ரீஆக்குப்பைட்' என்று எழுதுவோம். என்ன யோசினை என்று கேட்டு அவர் சொன்னால், 'ப்ரீஆக்குப்பைட் வித்' என்று போட்டு அதையும் எழுத வேண்டும். அந்த 'வித்'துக்குப் பிறகு வருகிறதைத்தான் மருத்துவர் முதலில் தேடுவார்.

புதிதாக வந்த ஒரு தாதி, நோயாளி உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போயிருந்த நேரத்தை 'பேஷண்ட் ப்ரீஆக்குப்பைட்' என்று எழுதிவிட்டா. நல்ல பிள்ளை, வேலையிலும் கெட்டிக்காரி. பின்னேரம் மருத்துவர் வந்து அந்த மனிதரிடம் என்ன கவலை என்று அரை மணித்தியாலம் விசாரித்தார். அவருக்கு ஒரு கவலையும் இல்லை. தேரடி அண்ணா, உங்கட நியாயம் விளங்குது. ஆனால் இதை நான் கண்ணால் கண்டனான்.

தேரடி:
அக்கா, இதை மறுக்க மாட்டேன். மருத்துவக் குறிப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். ஆனால் மெயில் மருத்துவக் குறிப்பு இல்லை. வெளிநாட்டுக்கு எழுதும்போது வேறு சொல் போடுங்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். தப்பு என்றால் ஒப்பமாட்டேன்.

புன்னைமரம்:
எனக்கு ஒரு சந்தேகம். டிஸ்ட்ராக்டட், ஆப்சென்ட்-மைண்டட், அப்சார்ப்ட் எல்லாம் இதுதானே? மொழிபெயர்க்கும்போது எல்லாவற்றுக்கும் 'கவனச்சிதறல்' என்றே போட்டுவிடுகிறேன்.

வைகைக்கரை:
வேண்டாம். நம் பேச்சிலேயே இதற்கெல்லாம் தனித்தனி வழக்கு உண்டு. வகுப்பில் பையன் ஜன்னல் வழியே காக்காயைப் பார்க்கிறான், 'என்னடா பராக்குப் பார்க்கிறே' என்போம். வெளியே ஒன்று இழுக்கிறது, அது டிஸ்ட்ராக்டட். ('பராக்! பராக்!' என்று அரசவையில் கட்டியம் கூறியது கவனத்தைக் கூட்டுவதற்கு. அதே ஒலி கவனமின்மைக்கும் ஆகிவந்தது எனக்கு இன்னும் வியப்புதான்.) கோலம் போடுகிறவள் பால் பொங்குவது தெரியாமல் புள்ளியிலேயே லயித்திருந்தால் அப்சார்ப்ட், அதற்கு 'இன்' சேரும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு தேடுவது ஒருவருக்கு வழக்கமே என்றால் ஆப்சென்ட்-மைண்டட். ப்ரீஆக்குப்பைட் என்பது உள்ளே ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டு வேறு எதற்கும் இடம் விடாதது. 'நினைப்பெல்லாம் எங்கேயோ இருக்கு' என்கிறோமே, அது. 'வித்' போடுங்கள், 'பை'யும் வழக்கில் உண்டு.

திருக்குறளில் 1205-ஆவது குறள் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது.

'தம்நெஞ்சத்து எம்மைக் கடிகொண்டார் நாணார்கொல்
எம்நெஞ்சத்து ஓவா வரல்.'

அவர் நெஞ்சுக்குள் எங்களை விடாமல் காவல் போட்டுவிட்டார், எங்கள் நெஞ்சுக்குள் மட்டும் ஓயாமல் வருகிறாரே, வெட்கமாக இல்லையா என்கிறாள் காதலனைப் பிரிந்த தலைவி. நெஞ்சு ஓர் இடம், அதற்குக் காவல் உண்டு, அங்கே ஒருவர் புகுந்துகொள்கிறார். லத்தீன் வேரில் தேரடி காட்டிய கைப்பற்றுதல் இதுதான்.

தேரடி:
இந்தக் குறளுக்கு நன்றி ஐயா. வேரை இப்படி நான் யோசித்ததில்லை.

ஊர்க்குருவி:
எல்லோருக்கும் நன்றி. மான்செஸ்டர்காரருக்கு, எனக்குக் கவலை ஒன்றும் இல்லை, அன்றைக்கு வேறு மீட்டிங்தான் என்று எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பேசுகிறோம். எங்கள் குழுவின் தானியங்கிப் பதிலிலும் இந்தச் சொல் இருக்கிறது, திங்கட்கிழமை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். உள்ளூர் மெயிலில் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டுமா?

தேரடி:
தாராளமாக.

வைகைக்கரை:
உள்ளூரிலும் வேண்டாம்.