பேருண்ணி வேண்டாமே

வணக்கம்.

நம் கட்டுரைக்குக் கலைச்சொல் தேடுகையில், மேக்ரோபேஜுக்கு (கிருமியையும் தூசியையும் விழுங்கும் பெரிய நோய் எதிர்ப்பு செல்) பேருண்ணி என்று நேற்று ஒரு சொல் வந்திருந்தது. கிரேக்க மூலத்திலும் பெரிதாக உண்பது என்றுதான் பொருள், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் கையில் இருப்பது நாயைப் பற்றிய கட்டுரை. "ஆரோக்கியமான நாயின் நுரையீரலில் பேருண்ணிகள் ஏராளம்" என்று எழுதினால், நாய் வளர்ப்பவர் முதலில் அதன் காதுமடலைப் புரட்டிப் பார்ப்பார், அப்புறம் உண்ணி எப்படி நுரையீரலுக்குள் போனது என்று டாக்டரிடம் ஓடுவார்.

விழுங்கணு என்று வந்த இன்னொரு சொல் எனக்கும் பிடிக்கும். வெள்ளணு, சிவப்பணு வரிசையில் இயல்பாக உட்காருகிறது. ஆனால் நியூட்ரோபில் என்ற வெள்ளணுவும்தானே விழுங்குகிறது? செல்கள் இப்படி விழுங்குவதை ஆராய்ந்த மெச்னிகாஃபே மைக்ரோபேஜ் (நியூட்ரோபில் போன்ற சிறியவை), மேக்ரோபேஜ் என்று இரண்டாகப் பிரித்துத்தான் பெயர் வைத்தார். இந்தக் கட்டுரைக்கு அந்த வேறுபாடு உயிர்: மூச்சுக்குழாய் வழியாக உப்புநீரை விட்டு, திரும்ப உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள செல்களை எண்ணினால் நோயற்ற நாயில் பாதிக்கு மேல் மேக்ரோபேஜ்கள்தான் இருக்கும், நியூட்ரோபில் கொஞ்சம்தான், அது கூடினால் அழற்சியோ தொற்றோ என்று சந்தேகம் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு அட்டவணையை எப்படிப் படிப்பது? விழுங்கும் செல் எல்லாவற்றையும் குறிக்கும் ஃபேகோசைட்டுக்குப் பொதுப்பெயராக விழுங்கணு இருக்கட்டும், மேக்ரோபேஜ் பெருவிழுங்கி ஆகட்டும்.

நுரையீரல் பெருவிழுங்கி என்று சொன்னாலும் போதாது. மாடு, ஆடு, பன்றி, பூனை ஆகியவற்றுக்கு நுரையீரலின் இரத்த நுண்குழாய்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு வகை உண்டு. நாய்க்கு இயல்பில் அது கிடையாது, இரத்தத்தை வடிகட்டும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரலில் இருப்பவை பார்த்துக்கொள்கின்றன. கழுவி எடுப்பதில் வருபவை காற்றுப் பக்கத்தில் இருப்பவை. அதனால் சிற்றறைப் பெருவிழுங்கி என்கிறேன். நுரையீரலில் காற்று நிறையும் நுண்ணிய பைக்குச் சிற்றறை என்பது இலங்கைப் பாடநூல்களில் புழங்கும் சொல்தான். காற்று நுண்ணறை தமிழ்நாட்டில் பழகியது, சரி, ஆனால் "காற்று நுண்ணறைப் பெருவிழுங்கி" என்று ஒரே பத்தியில் நான்கு முறை எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

துப்புரவு செல் என்றும் ஒரு யோசனை வந்தது. நகரத்து நாய்களின் பெருவிழுங்கிகளுக்குள் புகைக்கரி கறுப்பாகத் தேங்கியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் தோன்றுவது நியாயம்தான். படக்குறிப்பில் வைத்துக்கொள்வோம், கலைச்சொல்லாக வேண்டாம்.

ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்லுக்குத்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா?