கோயில் அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்புவது ஏன்?

ரங்கூன்வாசி:
போன வெள்ளிக்கிழமை பூசைக்கு நம் குழுவில் வந்த அறிவிப்பைப் பார்த்தீர்களா? மடிக்கணினித் திரையை முழுசாகப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். கீழே மூலையில் பாட்டரி 6 விழுக்காடு, மேலே வரிசையாகத் திறந்து கிடக்கும் பக்கங்கள், நடுவில் தபால்தலை அளவுக்கு அறிவிப்பு. என் அம்மாவுக்குக் கண்ணில் புரை. எழுத்தாக வந்திருந்தால் பெரிதாக்கிப் படித்திருப்பார். போனே வாசித்தும் காட்டியிருக்கும். படத்தை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு 6 மணியை 8 மணி என்று எடுத்துக்கொண்டார். தீபாராதனை முடிந்து பூக்களைக் கூட்டிப் பெருக்கும்போது போய் நின்றாராம். இனிமேல் அறிவிப்பு எழுத்தாகத்தான் வர வேண்டும் என்கிறேன்.

மோல்மேன் ஆசிரியர்:
அந்த அறிவிப்பை அனுப்பியவன் நான்தான், தம்பி. அம்மா அலைந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் நாம் ஏன் படமாக அனுப்பப் பழகினோம் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். நம் அறிவிப்பில் பாதி தமிழ், பாதி பர்மியம். கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பர்மிய எழுத்துக்கு இந்த நாட்டில் ஸோஜி, உலகப் பொது எண் வரிசையான யூனிகோடு என்று இரண்டு வழி இருந்தது. யூனிகோடு எழுத்துகளுக்கு உரிய அதே எண்களை எடுத்துக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு வேறு வடிவங்களை அடுக்கி வைத்தது ஸோஜி. அதில் தட்டியதை யூனிகோடு போனில் திறந்தால் எழுத்தும் குறியும் இடம் மாறிச் சிதறிக் கிடக்கும். 2019 அக்டோபர் 1இல் நாடே யூனிகோடுக்கு மாறுவதாக நாள் குறித்தார்கள். பழைய கணினிகளுக்கு அந்த நாள் தெரியுமா? இன்றும் எனக்கு ஸோஜியில் கடிதம் வருகிறது. படமாக அனுப்பினால் எந்தப் போனிலும் அப்படியே தெரியும்.

தமிழிலும் பட்டவன் நான். பாமினி, டிஸ்கி, டேப் என்று ஊருக்கு ஓர் எழுத்துரு, ஓர் எண் வரிசை. அதே எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் மின்னஞ்சலைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் கிறுக்கல்களும்தான் வரும்.

பெகு மருமகள்:
ஐயா, தமிழுக்கு அந்தக் காலம் போய்விட்டது. விண்டோஸ் 2000இலேயே யூனிகோடு தமிழ் வந்துவிட்டது. காய்ச்சல் விட்ட பிறகும் கஷாயம் குடிக்கிறோம்.

முழுத்திரையைப் பிடிப்பதைப் பற்றி என் கதையையும் சொல்கிறேன். பலகாரப் பட்டியலைப் பிடித்து உறவினர் குழுவில் போட்டேன். மேலே இன்னொரு பக்கத்தின் தலைப்பு, ‘சர்க்கரை நோயின் முதல் அறிகுறிகள்’ என்று பளிச்சென்று தெரிந்திருக்கிறது. பலகாரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு நாத்தனார் முதல் சித்தப்பா வரை பாகற்காய் வைத்தியம் சொன்னார்கள். நான் தேடியது பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக.

கணினிக்கடைக்காரன்:
அக்கா, விண்டோஸ் விசையோடு ஷிஃப்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்துங்கள். திரை மங்கும், வேண்டிய இடத்தை மட்டும் கட்டம் போட்டு எடுக்கலாம். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 4. கடைக்கு வருகிறவர்களில் பலருக்குப் பிரிண்ட் ஸ்கிரீன் விசை ஒன்றுதான் தெரியும். பழைய விண்டோஸில் அதை அழுத்தினால் திரையில் இருப்பது அத்தனையும் வந்து விழும்.

வைபர் செயலியில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். முதலில் அடிபடுவது சுழிகள்தான்: ணகரமும் னகரமும் ஒன்றுபோல ஆகும், 6க்கும் 8க்கும் வேறுபாடு போகும். படம்தான் வேண்டுமென்றால் கோப்பாக இணைத்து அனுப்புங்கள், ஆசிரியர் ஐயா.

மோல்மேன் ஆசிரியர்:
நல்லது, கற்றுக்கொண்டேன். ஆனால் எழுத்தாக அனுப்பினால் வழியில் யார் வேண்டுமானாலும் மாற்றலாமே? அன்னதானக் கணக்கை ஒருமுறை எழுத்தாக அனுப்பினேன். நாலு கை மாறி என்னிடமே திரும்பி வந்தபோது ஒரு தொகையில் பூஜ்யம் கூடியிருந்தது. கொடுத்தவர் கோயிலுக்கே வந்து கேட்டார். அன்று முதல் கணக்கு என்றால் படம்தான். படம் சாட்சி.

கணினிக்கடைக்காரன்:
அதை மட்டும் நம்பாதீர்கள். இணையப் பக்கம் எதையாவது குரோமில் திறந்து எஃப்12 அழுத்தினால் அதிலுள்ள எழுத்தை நம் திரையில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஒட்டுப்போட்ட தடம்கூடத் தெரியாது. படத்திலும் பூஜ்யம் கூடும், ஐயா.

மோல்மேன் ஆசிரியர்:
அந்த வித்தை தெரிந்தவர்கள் நம் குழுவில் எத்தனை பேர்? பூட்டை உடைக்கத் தெரிந்தவன் ஊரில் இருக்கிறான் என்பதற்காகக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறோமா?

ரங்கூன்வாசி:
கணக்கு இருக்கட்டும் ஐயா, அதைப் படமாகவே போடுங்கள். அறிவிப்பை ஏன் பூட்டி வைக்கிறீர்கள்? பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குப் பஸ் எங்கிருந்து புறப்பட்டது என்று குழுவில் தேடினேன். ‘பீலிக்கான்’ என்று தட்டினால் ‘போன தடவை பீலிக்கானில் நல்ல மழை’ என்ற ஒரு வரிதான் வருகிறது. பஸ் விவரம் ஏதோ ஒரு படத்துக்குள் கிடக்கிறது. மின்சாரம் வந்துபோகும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டுமா?

பெகு மருமகள்:
கணக்கைப் படமாகப் போடுவதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. கொடுத்தவர்களின் போன் எண்களை மறைக்கிறேன் என்று போனிலேயே கறுப்பு மார்க்கரால் தேய்த்திருந்தீர்கள், ஐயா. ஒளியைக் கூட்டிப் பார்த்தேன். ஓர் எண்ணை முழுசாகப் படிக்க முடிந்தது. யாருடையது என்று இங்கே சொல்ல மாட்டேன்.

கணினிக்கடைக்காரன்:
மார்க்கர் பாதி ஊடுருவித் தெரியும் மை. அடர்த்தியான கறுப்புக் கட்டம் வைத்து மூட வேண்டும். அதைவிட, எண் இருக்கும் பத்தியைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டுப் பிறகு படம் எடுங்கள். வெட்டி எடுப்பதிலும் ஒருமுறை ஏமாந்திருக்கிறார்கள். விண்டோஸ் 11இல் திரையைப் பிடிக்கும் கருவியான ஸ்னிப்பிங் டூலில், வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தால், வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் வாலில் தங்கியிருந்தது. 2023 மார்ச்சில் அது வெளியே தெரிந்தது. அந்த மாதமே மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது. கணினியைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் கடைக்கு வாருங்கள். காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

மோல்மேன் ஆசிரியர்:
அந்த மார்க்கர் படத்தை இப்போதுதான் நீக்கினேன். சொன்னதற்கு நன்றி, அம்மா. ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களும் அழித்துவிடுங்கள்.

தமிழ் அறிவிப்பை இனி எழுத்தாகவே தட்டுகிறேன். பர்மியப் பகுதி படமாகத்தான் வரும். அதில் நான் இறங்கி வருவதாக இல்லை. கணக்கும் படம்தான், எண்கள் இல்லாமல்.

இந்த வாரம்: வெள்ளிக்கிழமை பூசை மாலை 6 மணி. ஆறு. தம்பி, அம்மாவிடம் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள்.