பழைய வின்செஸ்டர் 94: இரண்டில் எதை வாங்குவது, விலை ஏன் இப்படி ஏறுகிறது?

மேற்குமலை எழுதியது:

நான் கொலராடோவில் வசிக்கிறேன். என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற அமெரிக்க நண்பர் ஒருவர், தம்மிடமுள்ள இரண்டு வின்செஸ்டர் 94 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் ஒன்றை எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் வகை இது. முதலாவது, அவருடைய தந்தை மான் வேட்டைக்குப் பயன்படுத்தியது. குழலின் மேல் '30 டபிள்யூ. சி. எஃப்.' என்று தோட்டா வகை பொறித்திருக்கிறது. தொடர் எண் 12 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது. கையில் பிடித்துச் சுமந்த இடத்தில் ரிசீவரின் (தோட்டா ஏற்றும் பாகங்கள் அடங்கிய நடுப்பகுதி) துரு தடுக்கும் நீலப்பூச்சு தேய்ந்து உலோகம் வெளியே தெரிகிறது. இரண்டாவது, 1968இல் வெளிவந்த, அமெரிக்க மேற்கின் புகழ்பெற்ற சாகசக்காரர் பஃபலோ பில் நினைவுப் பதிப்பு. ரிசீவரில் அலங்கார வேலைப்பாடு, அசல் பெட்டி, ஒரு தோட்டாகூடச் சுடப்படாத நிலை. இரண்டுக்கும் 1,200 டாலர் என்று ஒரே விலை சொல்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அடகுக் கடைகளில் மலிவாகக் கிடந்த பொருளுக்கு இப்போது ஏன் இந்த விலை? பார்வைக்கு இரண்டாவதுதான் சேகரிப்புக்கு உரியதாகத் தோன்றுகிறது. அப்படி நினைப்பது சரியா?

பழந்தோட்டா எழுதியது:

சரியல்ல, ஐயா. முதலாவதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த ரைஃபிளின் சந்தையில் 1964 என்ற ஆண்டு ஒரு மதில்சுவரைப் போல நிற்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 94-ஐ அதுவரை முழு எஃகிலிருந்து கடைந்து, திறமையான தொழிலாளர்களின் கையால் பொருத்தி உருவாக்கினார்கள். கூலிச் செலவு தாங்காமல் அந்த ஆண்டு வின்செஸ்டர் தயாரிப்பு முறையையே மாற்றியது. தோட்டாவை மேலே தூக்கும் பாகம் தகட்டை அழுத்தி வெட்டியதாகவும், திண்ணிய ஊசிகள் சுருட்டிய ஊசிகளாகவும் மாறின. புதிய ரிசீவரின் உலோகமோ பழைய முறையிலான நீலப்பூச்சை ஏற்கவே மறுத்தது. பின்னாளில் தரம் ஓரளவு மீண்டது என்றாலும், '64-க்கு முந்தியது' என்ற ஒரு சொல்லுக்காகவே கூடுதல் பணம் தரும் வழக்கம் அன்று தொடங்கி இன்றுவரை நீடிக்கிறது.

உங்கள் நண்பரின் தந்தை வைத்திருந்தது எந்தக் காலத்தது என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். பத்து லட்சமாவது 94, 1927இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கும், பதினைந்து லட்சமாவது 1948இல் ட்ரூமனுக்கும் அளிக்கப்பட்டன. ஆகவே இது அவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

பஃபலோ பில் பதிப்பைப் பொறுத்தவரை, அது மேலே சொன்ன 1964-க்குப் பிந்தைய இயந்திரத்தின் மேல் அலங்காரம் செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின. வாங்கியவர்களில் பலரும் 'பிற்காலத்தில் விலை ஏறும்' என்று நம்பிப் பெட்டியைக்கூடத் திறக்காமல் வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் பாதுகாத்த பொருள் எப்படி அரிதாகும்? போதாக்குறைக்கு, ஒரே ஒரு முறை சுட்டுவிட்டாலும் அதன் மதிப்பு சரிந்துவிடும். துப்பாக்கிக் கண்காட்சிகளில் இவ்வகைப் பதிப்புகள் ஆண்டுதோறும் அதே மேசையில் வீற்றிருப்பதைப் பார்க்கையில் எனக்குச் சற்றுப் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

வடக்குவேலி எழுதியது:

விலையேற்றத்தின் காரணத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் இருந்த ஆலை 2006இல் மூடப்பட்டது. இப்போது வின்செஸ்டர் பெயரில் வரும் 94 ஜப்பானின் மிரோக்கு நிறுவனத்தில் தயாராகிறது. நல்ல தரம்தான், ஆனால் விலை ஆயிரம் டாலருக்கு மேல். புதியதற்கே அவ்வளவு கொடுக்க வேண்டும் என்றால், பழையதை விற்பவர் எதற்காக முன்னூறு டாலருக்கு இறங்கி வரப்போகிறார்?

இதே வகை ரைஃபிள் செய்யும் இன்னொரு நிறுவனமான மார்லினின் கதை இதைவிடத் தெளிவானது. ரெமிங்டன் என்ற துப்பாக்கி நிறுவனம் அதை வாங்கி, நார்த் ஹேவன் ஆலையை மூடி, உற்பத்தியை நியூயார்க் மாநிலத்துக்கு மாற்றிய பிறகு தரம் குறைந்துவிட்டதென்ற புகார் பரவவே, குழலில் பழைய ஆலையின் 'ஜே. எம்.' முத்திரை கொண்ட பழைய மார்லின்களைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். 2020இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனம் மார்லினை வாங்கியது. ரூகரின் தயாரிப்பு பாராட்டப்படுகிறது, ஆயினும் 'ஜே. எம்.' விலை இறங்கவில்லை. இவற்றோடு, கௌபாய் பாணிச் சுடுதல் போட்டிகளும், பல மாநிலங்களின் அரைத் தானியங்கித் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளுக்குள் லீவர் ஆக்‌ஷன் சிக்குவதில்லை என்ற நிலையும் தேவையைக் கூட்டியிருக்கின்றன.

ஏலச் செய்திகளைப் பார்த்து மயங்க வேண்டாம். 2016இல் '1886' மாதிரி வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று பன்னிரண்டரை லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது உண்மை. ஆனால் அது தொடர் எண் 1 கொண்டது, அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திச் சென்ற கேப்டன் லாட்டனுக்கு அளிக்கப்பட்டது. அந்த விலை வரலாற்றுக்கும் ஆவணத்துக்கும் கிடைத்தது.

மேற்குமலை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று மீண்டும் போய்ப் பார்த்தேன். முதலாவதன் ரிசீவரின் இடப்பக்கம் இரண்டு சிறு திருகு துளைகள் இருக்கின்றன. அடிக்கட்டையின் முனையில் ரப்பர் மெத்தை பொருத்தியிருக்கிறது. மீண்டும் நீலப்பூச்சுக் கொடுத்து, துளைகளை அடைத்துவிட்டால் மதிப்புக் கூடுமா? வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகரில் உள்ள அருங்காட்சியகத்தில், ஆலைப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் சான்றுக் கடிதம் வாங்கலாம் என்றும் நண்பர் சொல்கிறார்.

பழந்தோட்டா எழுதியது:

தயவுசெய்து பூச்சு வேண்டாம். இயல்பாகத் தேய்ந்த அசல் மேற்பரப்பைத்தான் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள். புதிதாகப் பூசியதை எழுத்துகளின் மழுங்கிய விளிம்பிலேயே கண்டுபிடித்துவிட்டு, விலையில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுவார்கள். பழைய 94 வெற்றுத் தோட்டாவை மேல்நோக்கி வீசுவதால் தொலைநோக்கியை நடுவில் பொருத்த முடியாது. அதனால் பலர் பக்கவாட்டில் துளையிட்டுக் குறிகாட்டி வைத்துக்கொண்டார்கள். உங்களுடையதும் அவ்வாறே இருக்கும். ரப்பர் மெத்தைக்காக அடிக்கட்டையை அறுத்திருக்கிறார்களா என்பதை அளந்து பாருங்கள். அறுத்திருந்தால் அது இன்னும் பெரிய குறை.

கோடியில் உள்ள ஆலைப் பதிவேடுகள் 94-க்குத் தொடர் எண் 353,999 வரைதான் செல்கின்றன. உங்களுக்குக் கடிதம் கிடைக்காது. 1898-க்குள் செய்தவை கூட்டரசுச் சட்டப்படி பழம்பொருளாகி விடுவதால் அவற்றுக்குத் தனி மவுசு உண்டு; இதற்கு அந்தச் சலுகையும் இல்லை. கொலராடோவில் தனியார் விற்பனைக்கும் உரிமம் பெற்ற வணிகர் வழியாகப் பின்னணிச் சோதனை கட்டாயம், மூன்று நாள் காத்திருப்பும் உண்டு.

துளைகளும் மெத்தையும் இருப்பதால் இது சேகரிப்புப் பொருள் என்ற நிலையிலிருந்து வேட்டைக்கு எடுத்துச் செல்லும் நல்ல துப்பாக்கி என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. 1,200 டாலர் கொடுக்காதீர்கள். குறைகளை எடுத்துச் சொல்லி 800 வரை பேசிப் பாருங்கள். குழலின் உட்புறம் துருவின்றி இருந்தால் அந்த விலைக்கு நான் தயங்காமல் வாங்குவேன்.